ருமேனியா விசா வந்தால் பிரான்சும் வந்த மாதிரியா?

பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கேட்ட கதை இது. பொடியன் ஒருவனுக்கு ருமேனியாவில் கட்டட வேலைக்கு விசா வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த அவன்ரை மாமா சொன்னார்: "அங்கை இறங்கினால் சரியடா. இப்ப எல்லாம் ஒண்டாப் போச்சு. பஸ் ஏறினால் நேரே பாரிஸ் லா சப்பல்."

மாமா சொன்னதில் பாதி உண்மை. ஆட்களை மாட்டிவிடுவதும் அந்தப் பாதி உண்மைதான்.

ஹங்கேரி, பல்கேரியாப் பக்கம் இருக்கும் ருமேனியாவின் தரை எல்லைகளில் 2025 ஜனவரி 1 முதல் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. ருமேனியா தரும் நீண்டகால விசாவோ வதிவிட அட்டையோ இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட நாடுகளுக்குப் போய்வரலாம், 180 நாளுக்குள் 90 நாள் மட்டும். அது சுற்றிப் பார்க்க. வேலை செய்யும் அனுமதி ருமேனியாவுக்குள்ளேயே நின்றுவிடும். பாரிஸ் உணவகத்தில் கோப்பை கழுவப் பிரான்சின் அனுமதி தனியாக வேண்டும். சரி, அங்கே போய் அசைலம் அடிக்கலாம் என்றால், விசா தந்த நாடுதான் அந்த வழக்குக்குப் பொறுப்பு என்பது, அகதி வழக்கை எந்த நாடு பார்ப்பது என்று சொல்லும் ஐரோப்பிய விதியின் (டப்ளின் விதி என்பார்கள்) பொது ஒழுங்கு. விசா எங்கே எடுத்தது என்று தெரியவந்தால், திரும்பவும் புக்காரெஸ்ட்தான்.

"ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த அன்றே எல்லை போய்விடும்" என்று நினைப்பதுதான் அடிப்படைப் பிழை. எல்லை என்று நாம் சொல்வது ஒரு கோடு அல்ல. சாமானுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, காசுக்கு ஒன்று என்று பல கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் அழிகிற தேதி வேறு. ருமேனியா 2007 ஜனவரி 1இல் சேர்ந்தது. சுங்கக் கோடு அன்றே போனது. ஆள் கோடு போக 18 வருடம் எடுத்தது: விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் 2024 மார்ச் 31, தரையில் 2025. இடைப்பட்ட காலம் முழுக்க, சுங்கம் இல்லாத ஹங்கேரி எல்லையிலும் சாரதியின் கடவுச்சீட்டுக்காக லொறிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. குரோவேசியா 2013 ஜூலையில் சேர்ந்தது. ஷெங்கனும் யூரோவும் 2023 ஜனவரி 1இல்தான் வந்தன.

ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளைக் கடந்த தலைமுறைக்கு இது புதிதில்லை. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி திறந்தபோது "பாதை திறந்தாச்சு" என்று ஒற்றைச் சொல்லில்தான் சொன்னோம். ஆனால் பை கொட்டி, அடையாள அட்டை காட்டி, ஆமியைத் தாண்டிப் போனால் அங்கால இயக்கத்துக்கு (புலிகளுக்கு) ஆயம், அதாவது வரி, கட்ட வேண்டியிருந்தது. ஆளைப் பார்க்கிறவர் வேறு, பெட்டியைப் பார்க்கிறவர் வேறு.

இன்றைக்கு அதே கூத்தைப் பார்க்கச் சுவிசுக்குப் போகலாம். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் 2008 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பாசலில் இருந்து ஜேர்மனிப் பக்கம் போய் மலிவாக இறைச்சி வாங்கித் திரும்பும் எங்கள் சனத்திடம் சுவிஸ் பக்கத்தில் வழக்கமாகக் கடவுச்சீட்டைக் கேட்கமாட்டார்கள். ஆனால் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ இறைச்சிக்குத்தான் வரி இல்லை. கலியாண வீட்டுக்கு வாங்கினால் கணக்குப் பாருங்கள்.

அடுத்த பிழை, கதவு திறந்தால் சனம் பக்கத்து நாட்டுக்குத்தான் போகும் என்று கணக்குப் போடுவது. 2004 மே 1இல் போலந்து உட்பட 10 நாடுகள் சேர்ந்தபோது, வேலைச் சந்தையை உடனே திறந்தவை பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் மூன்றுமே. ஒட்டி இருக்கிற ஜேர்மனி 2011 மே வரை பூட்டி வைத்தது. பிரித்தானிய அரசுக்காகச் செய்த ஒரு மதிப்பீடு வருடத்துக்கு 5,000 முதல் 13,000 பேர்தான் கூடுதலாக வருவார்கள் என்றது. மற்ற நாடுகளும் திறக்கும் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு அது. அவை திறக்கவில்லை. 2011 குடிசனக் கணக்கில் போலந்தில் பிறந்தவர்கள் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் மட்டும் 5,79,000 பேர்.

உள்ளே கோடு அழியும்போது வெளியே கோடு தடிக்கும். இதை மறப்பதுதான் எனக்குப் பெரிய பிழையாகப் படுகிறது, ஏனென்றால் நாங்கள் நிற்பது அந்தப் பக்கம். போலந்து சேர முதலே, 2003 அக்டோபரில், உக்ரைன்காரருக்கு விசா போட்டது. அதுவரை விசா இல்லாமல் வந்துபோனவர்கள் அவர்கள். மெடிக்கா எல்லையில் சிகரெட்டும் வோட்காவும் பையில் கொண்டு நடந்து கடந்து, விற்றுவிட்டுத் திரும்பும் ஆட்களைப் போலந்தில் "எறும்புகள்" என்பார்கள். 2007 டிசம்பரில் போலந்து ஷெங்கனுக்குள் போனதும் விசா இன்னும் இறுகியது. எல்லையோரத்தவருக்குத் தனி அனுமதி 2009இல்தான் வந்தது.

அப்புறம் சைப்பிரஸ். 2004இல் ஒன்றியம், 2008இல் யூரோ. ஷெங்கன் இல்லை. அங்கே படிக்கப் போன பிள்ளை அந்த அட்டையைக் காட்டிப் பாரிசுக்கு விமானம் ஏற முடியாது. துருக்கியர் கையில் இருக்கும் வடக்குப் பகுதிக்கென்று அனுப்பினால் இன்னும் மோசம்: ஒன்றியச் சட்டமே அங்கே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்று ஏஜென்சிக்காரரிடம் காசு கட்ட முதல் கேளுங்கள். எர்ஜான் என்றால் அது வடக்கு.

அழிந்த கோடு திரும்பவும் வரும். குரோவேசியாவுக்கு 2023 ஜனவரியில் திறந்த எல்லையில் ஸ்லோவேனியா அதே வருடம் அக்டோபரில் மீண்டும் சோதனை வைத்தது. ஜேர்மனி 2024 செப்டெம்பர் 16 முதல் தன் எல்லாத் தரை எல்லையிலும். மாமா சொன்ன பஸ்ஸை நடுவழியில் மறிக்க அது போதும்.

பொடியன் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அண்ணை, அந்த 90 நாளுக்குள்ள அக்காவைப் பாத்திட்டு வரலாம்தானே?" என்றான். வரலாம், அந்த நீண்டகால விசாவோ வதிவிட அட்டையோ கையில் இருந்தால், லீவும் கிடைத்தால். மாமா இன்னொரு பிளேன்டீ சொல்லிவிட்டு நெல் விலைக்குப் போய்விட்டார்.