ஜூன் பயணம்: புதிய வேலை, வானவில் பேரணி, வீட்டார்

தன்பாலீர்ப்பாளரும் திருநரும் அவர்களின் நண்பர்களும் தலைநிமிர்ந்து நடக்க, சென்னையில் 2009ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் வானவில் சுயமரியாதைப் பேரணி வழக்கமாக ஜூன் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. டொராண்டோவில் இதே போன்ற பெரிய ஊர்வலமும் பெரும்பாலும் அதே ஞாயிறுதான். லண்டனில் ஜூன் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோ ஒரு சனிக்கிழமை. ஆகவே, வெளிநாட்டில் புதிதாக ஒரு வேலையில் சேர்ந்து, கையில் எண்ணிப் பத்து நாள் விடுப்பு மட்டும் வைத்திருக்கும் ஒருவர், தாம் வாழும் நகரில் நண்பர்களோடு கொண்டாடுவதா, ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சென்னையில் நடப்பதா என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். நான் முதல் முறை சென்றபோது வெள்ளி இரவு வேலை முடித்து விமானம் ஏறி, ஞாயிறு காலை சென்னையில் இறங்கி, பெட்டியோடு பேரணிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இணைப்பு விமானம் தவறிப்போய் நான் வெளியே வந்தபோது ஞாயிறு இரவு ஒன்பது மணி. புதன்கிழமைக்கு முன் வந்து சேர இயலாதவர்கள் அந்த ஆண்டுப் பேரணியை மறந்துவிட்டு வீட்டாருக்காக மட்டும் வருவது நல்லது என்பது அதில் நான் கற்றது.

விடுப்பைப் பற்றிய பேச்சை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் முழுநேர ஊழியருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 28 நாள் ஊதிய விடுப்பு உண்டு என்றாலும், பொது விடுமுறைகளை அதற்குள்ளேயே அடக்கிவிட நிறுவனத்துக்கு உரிமையுண்டு. முதல் ஆண்டில் அது மாதாமாதம் சிறிது சிறிதாகச் சேர்வதாகவும் கணக்கிடப்படலாம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் முதல் 12 மாதம் நிறைந்த பிறகுதான் சட்டம் தரும் இரண்டு வார விடுப்பு கைக்கு வருகிறது. அமெரிக்காவில் ஊதிய விடுப்பைக் கட்டாயமாக்கும் கூட்டாட்சிச் சட்டமே இல்லை. வேலை வாய்ப்புக் கடிதம் கைக்கு வந்து, நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளாமல் இருக்கும் அந்த இடைவெளியில் “ஜூன் கடைசியில் ஏற்கெனவே திட்டமிட்ட குடும்பப் பயணம் இருக்கிறது” என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பு வராது. அதே கோரிக்கையைத் தகுதிகாண் காலத்தின் இரண்டாம் மாதத்தில் வைத்தால் மேலாளரின் முகம் மாறும். பேரணியைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. குடும்பத்தைப் பார்க்கச் செல்வது என்பது முழு உண்மையே.

விடுப்பு போதவில்லை என்றால் ஊரிலிருந்தே ஒரு வாரம் வேலை பார்க்கலாமே என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. சுற்றுலா விசாவில் வருபவர் வேலை செய்ய இந்திய விசா விதிகள் இடம் தருவதில்லை, ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவருக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் நிறுவனமும், தரவுப் பாதுகாப்பும் வரியும் கருதி, எழுத்தில் அனுமதி தந்தாக வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்த “பரவாயில்லை” சிக்கல் வரும் நாளில் எதற்கும் உதவாது. அடுத்தது நேரம். கோடையில் லண்டனின் காலை 9 முதல் மாலை 5 என்பது ஊரில் பிற்பகல் 1.30 முதல் இரவு 9.30, காலையில் கோயிலும் உறவினர் வீடும் முடித்துவிட்டு உட்காரலாம். டொராண்டோவுக்கு அது மாலை 6.30 முதல் நள்ளிரவு தாண்டி 2.30 வரை. வீடு முழுவதும் உறங்கும்போது கூடத்து மூலையில் தாழ்ந்த குரலில் கூட்டத்தில் பேசிவிட்டு, காலை ஆறு மணிக்குப் “பெரியம்மா வந்திருக்காங்க, எழுந்திரு” என்ற குரலுக்கு எழுவதை மூன்று நாளுக்கு மேல் எந்த உடம்பும் தாங்காது. விடுப்பைவிட முதலில் தீர்ந்துபோவது தெம்புதான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதியில் என்பதையும் வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுவதும் மின்சாரம் இல்லாத நாளில் முக்கியக் கூட்டம் வைத்துக்கொண்டு தவித்தவர்களை அறிவேன்.

இனி வீட்டார். பத்து நாளில் ஊர் முழுவதும் சுற்றிவிட முடியாது என்பதை அம்மாவிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிட வேண்டும். யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதில்தான் மனத்தாங்கல் பிறக்கிறதே தவிர, எத்தனை நாள் தங்கினோம் என்பதில் அல்ல. எனவே வயதில் மூத்தவர் வீட்டுக்கு முதலில் சென்று, மற்றவர்களை ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கே அழைத்துவிடுவது மூன்று நாளை மிச்சப்படுத்தும். அந்தச் சாப்பாட்டில் கல்யாணப் பேச்சு வரும். ஆனி மாதம் முகூர்த்தம் நிறைந்தது, வந்தவர்களில் பாதிப்பேர் அப்போதுதான் ஏதோ ஒரு மண்டபத்திலிருந்து வந்திருப்பார்கள். பேரணி முக்கியமில்லை என்பவர்கள் ஜூலை நடுவில் ஆடி பிறந்த பிறகு வந்தால், கல்யாணம் வைக்காத மாதமாகையால் பேச்சின் சூடு சற்றுத் தணிந்திருக்கும். யாழ்ப்பாணத்தாருக்கு 25 நாள் நல்லூர்த் திருவிழாவும் அதையொட்டியே வருகிறது.

தன்னைப் பற்றி வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதை வேறொருவர் தீர்மானிக்க முடியாது. ஆனால் எப்போது சொல்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பேரணி நடக்கும் வாரத்திலும், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவிலும் சொல்லாதீர்கள். முதலாவதில் பேரணியே பேசுபொருளாகி உங்கள் வாழ்க்கை பின்னுக்குப் போய்விடும். இரண்டாவதில் ஒரு பெரிய செய்தியைப் போட்டுவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிட, அதைத் தனியாகச் சுமப்பது அம்மா. சொல்வதானால் வந்த மூன்றாம் நான்காம் நாளில், ஒருவரிடம் மட்டும், கேள்வி கேட்க அவருக்கு மிச்ச நாள்கள் இருக்கும்படி சொல்லுங்கள். என் வீட்டில் அந்த ஒருவர் சித்தி. அம்மாவிடம் எதை எப்போது சொல்லலாம் என்பது என்னைவிட அவருக்குத் தெரிந்திருந்தது. பணமும் கடவுச்சீட்டும் திரும்பும் பயணச்சீட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். தங்க வேறொரு இடத்தையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருங்கள். அன்பான வீடுகளுக்கும் இது பொருந்தும்.

சட்ட நிலையைச் சுருக்கமாகவேனும் அறிந்திருப்பது தைரியம் தரும். இந்தியாவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு மனமொத்த வயதுவந்தோருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க அதே நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டதால், வெளிநாட்டில் மணம்புரிந்த இணையரோடு வருபவர் அந்த உறவை நம்பியிராமல் அவருக்குத் தனியே சுற்றுலா விசா எடுத்துக்கொள்ள வேண்டும். விடுதியில் அறை கிடைப்பதில் பெரும்பாலும் தொல்லை இல்லை. இரண்டு ஆண்கள் ஒரே அறை கேட்டால் நம் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை; ஆணும் பெண்ணும் கேட்டால்தான் விசாரணை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை, வீட்டைவிட்டு வெளியேறிய இணையரைக் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்றும், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை வேண்டும் என்றும் கூறியது. “டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாம்” என்று யாரேனும் தொடங்கினால் இந்த ஆணை நினைவில் இருக்கட்டும். திருமணம் ஒன்றே குடும்பமாவதற்கு வழியல்ல என்று அதே உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 2025 மே மாதத்தில் சொன்னது.

இலங்கை செல்வோருக்கு நிலைமை வேறு. தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் சட்டம் மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் 2022 ஜூனில் சுயமரியாதை நடைபவனி நடந்திருக்கிறது என்றாலும், சிறிய ஊரில் நடப்பவரை அடுத்த தெரு அறியும் என்பதை நினைத்துக்கொண்டு கலந்துகொள்ளுங்கள்.

பேரணி நாளுக்கு வருவோம். சென்னையில் ஜூன் கடைசி மாலையிலும் வெயில் இறங்கியிருக்காது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்திருப்பவர்கள் அரசியல் முழக்கங்களை உள்ளூர்த் தோழர்களுக்கு விட்டுவிட்டுக் கூட நடப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முகமூடி அணிந்து நடப்போரும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குப் பக்கத்தில் நடப்பவர் அரசு ஊழியராகவோ கல்லூரி மாணவராகவோ இருக்கலாம், நீங்கள் எடுக்கும் ஒரு செல்ஃபி அவர் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் போதும். ஆகவே கேட்காமல் யார் முகத்தையும் எடுக்காதீர்கள், எடுத்ததையும் நாடு திரும்பிய பிறகு பதிவிடுங்கள். உங்கள் முகமும் செய்தித்தாளில் வரக்கூடும். மறுநாள் காலை அப்பா பிரித்துப் படிக்கும் தாளில் அது வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துவிட்டே கிளம்புங்கள். அன்று எங்கே போகிறேன் என்று கேட்பவர்களுக்கு “சென்னையில் நண்பர்களைப் பார்க்க” என்பது போதுமான பதில். அதற்கு மேல் கதை கட்டினால் அந்தக் கதையை நினைவில் வைத்திருப்பதே தனி வேலையாகிவிடும்.

நான் பேரணியில் நடந்த ஆண்டில் கையில் கட்டிவிட்ட ஏழு நிறத் துணிப்பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டேன். துவைக்க எடுத்த அம்மா அதை நிமிர்த்திப் பார்த்து, “இது எந்தக் கோயில் கயிறுப்பா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் சித்தி, “அது அவன் வேண்டுதல், அக்கா” என்று வாங்கிப் பூசை அலமாரியின் ஓரத்தில் மாட்டிவிட்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னது அடுத்த பயணத்தில்.

திரும்பும்போது ஞாயிறு இரவு இறங்கித் திங்கள் காலை அலுவலகம் போகும்படி பயணச்சீட்டு எடுக்காதீர்கள். சனிக்கிழமை காலையிலேயே இறங்கிவிட்டால் ஒரு பகல் முழுவதும் உறங்க முடியும். திங்களன்று மேலாளர் பயணம் எப்படி என்று கேட்கும்போது, அடுத்த ஜூனில் எந்த வாரம் வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் மற்றவர்கள் அந்த வாரத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.