கல்லாறு செக்போஸ்ட்டில் நான்கு கார்கள்: நிபந்தனைக் கூற்றைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. சுற்றுலா வருபவர்களுக்கு எரிச்சல்தான், ஆனால் லாஜிக் படிக்கிறவர்களுக்கு நல்ல தீனி. ‘இது நடந்தால் அது’ என்ற நிபந்தனைக் கூற்றாக எழுதினால்: ‘வெளியூர் கார் மேலே வந்தால், அதற்கு இ-பாஸ் இருக்க வேண்டும்.’

இதில் ‘வெளியூர் கார் மேலே வந்தால்’ என்பது முற்கூறு, அதாவது நிபந்தனை. மீதி பிற்கூறு. பேச்சில் வரிசை மாறும், ‘கருகிடும்ங்க, பனி விழுந்தா’ என்றுதான் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள், அதனால் எது முதலில் வருகிறது என்று பார்க்காமல் ‘ஆல்’ எந்த வினையில் ஒட்டியிருக்கிறது என்று தேடுங்கள். சில சமயம் அதுவும் இருக்காது. ‘பாஸ் இல்லாத வெளியூர் வண்டிக்கு அனுமதி இல்லை’ என்பதும் அதே கூற்றுதான்.

சரி, ஊட்டிக்கு ஏறும் வழியிலுள்ள கல்லாறு சோதனைச்சாவடியில் நீங்கள்தான் டியூட்டி. நான்கு கார்கள் வருகின்றன. முதல் கார் டி.என். 43, நீலகிரிப் பதிவு. இரண்டாவது டி.என். 38, கோவை. அடுத்த இரண்டின் நம்பர் பிளேட்டை முன்னால் நிற்கும் பஸ் மறைக்கிறது. மூன்றாவது டிரைவர் ஜன்னல் வழியே போனை நீட்டி இ-பாஸைக் காட்டுகிறார், நான்காமவர் ‘எடுக்கலைங்க சார்’ என்று தலையைச் சொறிகிறார். விதி மீறப்பட்டதா என்று அறிய எந்தெந்தக் காரை எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்?

இரண்டாவதும் நான்காவதும். கோவை வண்டியில் பாஸ் இருக்கிறதா, பாஸ் இல்லாத வண்டி எந்த ஊர் என்று பார்த்தால் போதும். டி.என். 43 பாஸ் எடுத்திருந்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன? முற்கூறே பொருந்தாத இடத்தில் கூற்று பொய்யாவதில்லை. மூன்றாவது காரும் அப்படித்தான், எந்த ஊர் வண்டியானாலும் விதி உடையாது. முற்கூறு உண்மையாகி பிற்கூறு பொய்யாகும் ஒரே இடத்தில்தான் நிபந்தனைக் கூற்று பொய்.

இது 1966-ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் அட்டைகளை வைத்துக் கொடுத்த புதிரின் சாயல். எழுத்தும் எண்ணும் போட்ட அட்டைகளில் பெரும்பாலோர் தவறிவிட்டார்கள். அதையே ‘யார் விதியை மீறுகிறார்’ என்று மாற்றிக் கேட்டால் பலருக்கும் சரியாக வருகிறது. எனவே முற்கூறுக்கு p, பிற்கூறுக்கு q என்று பாடப்புத்தகம் எழுதுவதில் குழம்பினால் ஒரு செக்போஸ்ட் விதியாக மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது காரைப் பார்க்கத் தோன்றியதா? கூற்றைத் தலைகீழாகப் படித்திருப்பீர்கள், அதற்குப் பெயர் மறுதலை. உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்காகக் கருகிய கொழுந்தையெல்லாம் பனியின் வேலை என்றால் எப்படி? இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துப் புடைத்திருந்தால் அது கொப்புள நோய். ‘பனி விழவில்லை, அதனால் கருகாது’ என்பதும் அதே ஓட்டைதான். ஆனால் ‘கருகவில்லை, அதனால் பனி விழவில்லை’ செல்லும். இரண்டையும் மறுத்து இடம் மாற்றினால் பொருள் மாறாது. நான்காவது காரைப் பார்த்ததும் இந்த முறையில்தான்.

அப்புறம் ‘மட்டுமே’. ‘பாஸ் இருந்தால் மட்டுமே வெளியூர் வண்டியை விடுவோம்’ என்றால், ‘ஆல்’ பாஸில் ஒட்டியிருந்தாலும் திசை திரும்பிவிடும்: விட்டிருந்தால் பாஸ் இருக்கிறது, அவ்வளவுதான். பாஸ் வைத்திருப்பவரை வேறு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினால் ‘அன்னைக்கு விடுவேன்னு சொன்னீங்களே’ என்று சண்டைக்குப் போக முடியாது.