விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால்

லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல்களை டிஸ்கில் அடுக்கி வைக்கும் முறை) ஆக ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்கை விண்டோஸில் செருகினால், பெரும்பாலும் ஒரு பெட்டி வந்து நிற்கும்: இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டுமாம். டிஸ்கில் கோளாறு எதுவும் இல்லை. ஈஎக்ஸ்டி4-ஐப் படிக்க விண்டோஸுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கேன்சல் அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி ‘ரா’ (அடையாளம் தெரியாத வடிவம்) என்று காட்டினாலோ, ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொன்னாலோ அங்கேயும் கை வைக்காதீர்கள்.

கை தவறி அழுத்திவிட்டீர்களா? குயிக் ஃபார்மேட் டிஸ்க் முழுவதையும் துடைப்பதில்லை. அதன்பின் ஒரு ஃபைல்கூட எழுதாமல் உடனே கழற்றி வைத்தால், லினக்ஸில் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவியை வைத்து ஓரளவு மீட்கலாம். ஈஎக்ஸ்டி4 தன் சூப்பர்பிளாக்கின் (ஃபைல் அமைப்பின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி) நகல்களை டிஸ்கில் பல இடங்களில் போட்டு வைத்திருப்பது இங்கே கைகொடுக்கும். எஸ்எஸ்டி என்றால் அந்த நம்பிக்கையும் குறைவு. ‘ட்ரிம்’ (தேவையற்ற இடங்களைக் காலி செய்யச் சொல்லும் கட்டளை) ஓடிவிட்டால் போனது போனதுதான்.

அடுத்த தவறு, எங்கோ கிடைத்த பழைய ஈஎக்ஸ்டி டிரைவரை விண்டோஸில் போட்டு, அதன் வழியாக எழுதுவது. 2016-இல் வந்த ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் (ஈஎக்ஸ்டி ஃபார்மேட் செய்யும் லினக்ஸ் கருவிகள்) 1.43 முதல், லினக்ஸ் ஈஎக்ஸ்டி4-ஐ உருவாக்கும்போதே 64பிட், செக்சம் (தரவு சிதைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) வசதிகளையும் சேர்த்துவிடுகிறது. இவற்றை அறியாத டிரைவர் எழுதினால் என்ன ஆகும் என்று உங்கள் கல்யாண ஆல்பத்தை வைத்தா சோதிக்க வேண்டும்? படிக்க மட்டும் போதுமென்றால், படிக்க மட்டுமே செய்யும் மென்பொருளே போதும். எழுதியே ஆகவேண்டுமென்றால் விண்டோஸ் 11-இல் டபிள்யூஎஸ்எல்2-வின் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) மவுன்ட் கட்டளை இருக்கிறது. உள்ளே ஓடுவது நிஜ லினக்ஸ் கர்னல் என்பதால் நான் நம்புவது இதைத்தான். அட்மின் உரிமை வேண்டும். பென் டிரைவுக்கு இது ஆகாது. வேலை முடிந்ததும் அன்மவுன்ட் செய்யாமல் கேபிளை உருவாதீர்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு வம்பு உண்டு. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கினால் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். அதைக் கட்டாயப்படுத்தி எழுத வைக்காமல், விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை அணையுங்கள்.

இரண்டு பக்கமும் அடிக்கடி போய்வரும் டிஸ்க் என்றால் ஈஎக்ஸ்டி4 பிடிவாதமே வேண்டாம். இரண்டுக்கும் படிக்கத் தெரிந்த எக்ஸ்ஃபேட் வையுங்கள், லினக்ஸ் கர்னலிலேயே 5.4 முதல் இருக்கிறது, ஒரு ஃபைலுக்கு ஃபேட்32 வைக்கும் 4 ஜிபி வரம்பும் கிடையாது. ஆனால் ஜர்னல் (எழுதும்போது பாதியில் நின்றால் காப்பாற்றும் பதிவேடு) இல்லை, லினக்ஸ் பெர்மிஷன்களும் சிம்லிங்க்குகளும் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழிகள்) தங்காது. அவை தேவைப்படும் ஃபோல்டரை டார் ஃபைலாக (பலவற்றை ஒரே ஃபைலாக்கும் மூட்டை) கட்டி வையுங்கள். ஃபைல் பெயரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: ‘கூட்டம் 10:30’ என்று லினக்ஸில் சேமித்தது அந்த முக்காற்புள்ளி ஒன்றாலேயே எக்ஸ்ஃபேட்டில் காப்பி ஆகாமல் நின்றுவிடும்.