மாடல் மேசையில் பசையும் பெயிண்டும் சிந்தாமலிருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து மாடல் செய்யும் மேசையில் பசை பாட்டில் கவிழ்ந்தால் உடனே கையைத்தான் குறை சொல்கிறோம். கை எப்போதும் போலத்தான் போய்வருகிறது. அது போய்வரும் வழியில் பாட்டிலைத் திறந்து வைத்ததுதான் கோளாறு. அதைவிடப் பெரிய கோளாறு, கொட்டிய பிறகு பதறிப்போய் கையில் கிடைத்த துணியால் துடைப்பது. சிந்தியதால் கெட்ட மாடலை விட, துடைத்ததால் கெட்ட மாடல்களே அதிகம்.

மூடியைத் திருகாமல் மேலே வைத்துவிடுவது

பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் நீர்த்த பசையான பிளாஸ்டிக் சிமென்ட் பாட்டில்களின் மூடியிலேயே பிரஷ் இருக்கும். ஒரு பாகத்தை ஒட்டிவிட்டு, 'இதோ மறுபடி எடுக்கத்தானே போகிறோம்' என்று மூடியைச் சும்மா கழுத்தில் செருகிவிடுகிறோம். பார்வைக்கு மூடியதுபோலவே இருக்கும். அடுத்த முறை பாட்டிலை நகர்த்த மூடியைப் பிடித்துத் தூக்கும்போது மூடி மட்டும் கையோடு வரும், பாட்டில் சாயும். வேறெந்தத் தவறையும்விட இதில்தான் அதிகம் கொட்டுகிறது. பத்து நொடி இடைவெளியானாலும் அரைச் சுற்றாவது திருகிவிடுங்கள்.

இத்துடன் பாட்டிலுக்கு ஒரு பீடமும் தேவை. 40 மி.லி. சதுரக் கண்ணாடி பாட்டில் நிறைந்திருக்கும்போது ஓரளவு நிலையாக நிற்கும். தீரத் தீர எடை குறைந்து, லேசாகத் தட்டினாலே விழும். 10 செ.மீ. சதுரம், 2 செ.மீ. தடிமன் உள்ள மரக்கட்டையில், பாட்டில் அடியின் அளவை விட 1 மி.மீ. கூடுதலாகவும் 15 மி.மீ. ஆழமாகவும் குழி எடுத்தால் போதும். மர வேலைக்குக் கருவி இல்லையென்றால், கனமான அட்டையை அதே அளவில் ஏழெட்டு அடுக்காக வெட்டி, மேல் அடுக்குகளில் மட்டும் துளையிட்டு வெள்ளைப் பசையால் ஒட்டலாம். தெர்மாகோல் வேண்டாம். மாடல் கிட்டின் பாகங்களும் தெர்மாகோலும் ஒரே பாலிஸ்டைரீன்தான். ஒரு சொட்டு வழிந்தாலும் சிமென்ட் அதைக் கரைக்கும், பீடமே குழிந்து பாட்டில் சாயும். நடுவில் நுரை வைத்த ஃபோம் போர்டும் பெரும்பாலும் இதே கதிதான்.

வலக்கைக்காரர்கள் பீடத்தை வலப்பக்கம், மாடலைவிடச் சற்றுப் பின்தள்ளி, முழங்கை வீச்சுக்கு வெளியே வைக்க வேண்டும். இடப்பக்கம் வைத்தால் நனைந்த பிரஷ் ஒவ்வொரு முறையும் மாடலின் மேலே பயணம் செய்யும். விளக்கின் வயரும் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) குழாயும் மேசைக்குக் குறுக்கே ஓடக்கூடாது. கண் பாட்டிலைக் கவனிக்கும், வயரைக் கவனிக்காது.

சூப்பர் க்ளூவை ட்யூப் முனையிலிருந்தே மாடலில் விடுவது

ஒரு மாத்திரை அளவு பாகத்துக்கு ஊசிமுனை அளவு பசை போதும். ட்யூபை அழுத்தினால் வருவது அதைப்போல இருபது மடங்கு. ஒரு சொட்டை பாலித்தீன் மூடியின் மேலோ மாத்திரை அட்டையின் குழியிலோ விட்டு, அங்கிருந்து ஊசியாலோ மெல்லிய செம்புக் கம்பியாலோ தொட்டு வையுங்கள். பிறகு ட்யூபை நிமிர்த்திப் பிடித்து, அடியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் முனையில் தங்கிய பசை உள்ளே இறங்கும். முனையைத் துடைத்துவிட்டு மூடலாம்.

இதைச் செய்யாவிட்டால் முனை அடைத்துக்கொள்ளும். அடைத்த முனையைப் பலமாக அழுத்துவதுதான் அடுத்த தவறு: அடைப்பு சட்டென்று விடுபட்டுப் பசை பீறிடும், சில நேரம் கண்ணை நோக்கியே. அழுத்தாமல் ஊசியால் குத்தித் திறங்கள், அல்லது நுனியை அரை மி.மீ. வெட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ட்யூபை, குளிர் விட்டு அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் படிந்து உள்ளேயே கெட்டிப்படத் தொடங்கும்.

கொட்டிவிட்டால் பஞ்சாலும் பருத்தித் துணியாலும் துடைக்கவே கூடாது. பருத்தியில் பட்ட சூப்பர் க்ளூ வேகமாக இறுகி, தோலைச் சுடும் அளவுக்குச் சூட்டைக் கிளப்பும், கண்ணை எரிக்கும் புகையும் வரும். இதே காரணத்தால் பருத்திக் கையுறையும் ஆகாது. மேசையில் கொட்டியதை அப்படியே இறுக விட்டு, பிளேடால் சுரண்டி எடுப்பது மேல். மேசை மேல் ஓரம் தேய்த்த 5 மி.மீ. கண்ணாடித் தகடு போட்டிருந்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் இமையை வலுக்கட்டாயமாகப் பிரிக்காமல், வெதுவெதுப்பான நீரால் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பெயிண்ட் கலக்கும் குச்சியை ஜாடியின் விளிம்பில் வழிப்பது

சின்ன பழக்கம், ஆனால் விளைவு பெரிது. வழித்த பெயிண்ட் மரையில் காய்ந்து மூடியைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை பல்லைக் கடித்துத் திருகும்போது மூடி திடீரென இளகும், ஜாடி கையிலிருந்து குதிக்கும். குச்சியைக் கலக்கும் கிண்ணத்திலேயே வழியுங்கள். மூடும் முன் விளிம்பையும் மரையையும் டிஷ்யூவால் துடையுங்கள். ஏற்கெனவே இறுகிப்போன அக்ரிலிக் ஜாடி என்றால், மூடியை ஒரு நிமிடம் வெந்நீரில் காட்டி, அதன்மேல் ரப்பர் பேண்ட் சுற்றித் திருகினால் பிடி கிடைக்கும். எனாமல் என்றால் மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு தின்னர் (பெயிண்டை நீர்க்கச் செய்யும் திரவம்) விட்டுக் காத்திருங்கள். எதுவானாலும் மாடலுக்கு மேலே வைத்துத் திறக்காதீர்கள்.

ஜாடியிலிருந்து நேராகச் சாய்த்து ஊற்றுவதும் வேண்டாம், பைப்பெட்டால் எடுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: கைச்சூட்டில் பைப்பெட்டின் குமிழிலுள்ள காற்று விரிந்து, அழுத்தாமலே சொட்டும். தின்னர் விரைவில் ஆவியாவதால் அது இன்னும் மோசம். எனவே கிண்ணத்தை ஜாடியை ஒட்டியே வைக்க வேண்டும்.

கிண்ணம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன். லாக்கர் தின்னரை ஊற்றினால் சில நிமிடங்களில் அடி இளகி, கலந்த பெயிண்ட் முழுவதும் மேசையில் ஓடும். 5 என்று குறித்த பாலிப்ரொப்பிலீன், 2 என்று குறித்த பாலித்தீன், அல்லது கண்ணாடி மட்டும் போதும். பச்சை நிற கட்டிங் மேட்டையும் நம்பி தின்னர் வேலை செய்யாதீர்கள். அது பெரும்பாலும் பி.வி.சி.; அசிடோன் போன்ற தின்னர் பட்டால் உப்பி நெளிந்துவிடும். திறந்த திரவம் எதுவானாலும் விளிம்பு உயர்ந்த ஓர் உலோகத் தட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

ஏர்பிரஷ் கப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். முனையை விரலால் அடைத்துக் குமிழி விட்டுக் கழுவும்போது காற்றழுத்தத்தைக் குறைத்து, கப்பின் மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டியதும் துடைப்பது

முதலில் பாட்டிலை நிமிர்த்துங்கள். அருகில் எரியும் மெழுகுவர்த்தியை அணைத்து, சால்டரிங் அயர்னின் இணைப்பைப் பிடுங்கி, ஜன்னலைத் திறங்கள். ஸ்ப்ரூவை (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை) சூடாக்கி இழுக்க மெழுகுவர்த்தி வைப்பவர்கள் அந்த வேலையின்போது சிமென்டையும் தின்னரையும் மேசையிலேயே வைத்திருக்கக்கூடாது.

பிறகு மேசையில் உள்ளதை, சூப்பர் க்ளூ தவிர, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினால் பரவாது.

மாடலின் மேல் சிமென்ட் பட்டிருந்தால், தொடாமல் விடுவதே சரி. அந்த நேரத்தில் பிளாஸ்டிக்கின் மேல்தோல் இளகிக் களிபோல் இருக்கும். விரல் பட்டால் ரேகை பதியும், துணி பட்டால் நூல் ஒட்டும், ரிவெட், பேனல் கோடு போன்ற நுண்ணிய அச்சு வேலைகளும் வழிந்து அழியும். சும்மா விட்டால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஒரு நாள் முழுக்க காயவிட்டு, 600, 1000, 2000 என்ற வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பல நேரம் தடமே தெரியாது. கை துறுதுறுக்கும், மாடலை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

ஈரமான அக்ரிலிக் பெயிண்டுக்கு இந்தப் பொறுமை தேவையில்லை, உடனே ஈரத் துணியால் எடுத்துவிடலாம். வெள்ளைப் பசையும் அப்படியே.

ஆளி விதை எண்ணெய் கலந்த ஆயில் பெயிண்டைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. காயும்போது அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கலாம். வெளியே தனியாக விரித்துக் காயவையுங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வையுங்கள்.