பழைய கணினியை டிவிடி வட்டிலிருந்து இயக்குவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வீடுகளில், பிள்ளைகளின் படிப்புக்காக எப்போதோ வாங்கிய கணினி மூலையில் துணி போர்த்திக் கிடப்பதைக் காணலாம். பெரும்பாலும் விண்டோஸ் 7 இருக்கும். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நின்றுவிட்டது. அதற்காகக் கணினியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிக்ஸ் என்னும் எடைகுறைந்த லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு டிவிடியில் எழுதி, வன்தட்டில் எதையும் நிறுவாமல், அந்த வட்டிலிருந்தே கணினியை இயக்கலாம்.

பென்டிரைவிலும் இதைச் செய்யலாம். ஆயினும் மிகப் பழைய கணினிகள் சில பென்டிரைவிலிருந்து துவங்குவதில்லை. அதோடு, எழுதி முடித்த டிவிடி-ஆர் வட்டில் எந்த நச்சுநிரலாலும் கைவைக்க முடியாது என்பதால், நான்கு வீட்டுக்கு இரவல் போய்வரும் பொருளுக்கு வட்டே ஏற்றது என்பது என் கருத்து.

முதலில் ஆன்டிக்ஸின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து ‘ஃபுல்’ பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு வட்டின் நகலாக அமைந்த ஒற்றைக் கோப்பை, பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அது 700 எம்பி கொள்ளும் சிடியில் அடங்காது, 4.7 ஜிபி டிவிடி-ஆர் வேண்டும். பெண்டியம் 4 செயலிக் காலத்துக் கணினி என்றால் 32 பிட் பதிப்பும், கோர் 2 டுவோவும் அதற்குப் பிந்தியதும் என்றால் 64 பிட் பதிப்பும் பொருந்தும்.

அடுத்து வருவதைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். தோட்டத்தில் கைப்பேசி இணைப்பு விட்டுவிட்டு வரும்போது கோப்பு பழுதுபட்டு இறங்கக்கூடும். பார்வைக்கு அது தெரியாது. ஆகவே 7-ஜிப் மென்பொருளை நிறுவி, கோப்பின்மேல் வலது சொடுக்கிட்டு, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிடச் செய்து, இணையதளத்தில் அதே கோப்புக்குத் தந்துள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 64 எழுத்துகளில் ஒன்று மாறியிருந்தாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் இறக்குங்கள்.

எழுதுவதற்கு வேறு மென்பொருள் தேவையில்லை. டிவிடி எழுதும் கருவி உள்ள விண்டோஸ் கணினியில் வெற்று வட்டை இட்டு, ஐஎஸ்ஓ கோப்பை வலது சொடுக்கிட்டு ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால் வட்டு துவங்காது, ஏனெனில் துவக்கத்துக்கான அமைப்பு அந்தக் கோப்புக்குள்தான் அடங்கியிருக்கிறது. எழுதியபின் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ கட்டத்தில் மறவாமல் குறியிடுங்கள். நேரம் கூடினாலும் அது வீண்போகாது. பிற்பகலில் இடி மின்னலோடு மழை பிடிக்கும் ஊர் நம்முடையது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் டிவிடி-ஆர் வட்டு பாழாகிவிடும். காலையில் எழுதுங்கள், அல்லது மின்கலம் நிறைந்த மடிக்கணினியில் எழுதுங்கள்.

எழுதிய வட்டைப் பழைய கணினியில் இட்டு, மறுபடி தொடக்கி, நிறுவனச் சின்னம் தோன்றும்போதே துவக்கப் பட்டியலுக்கான விசையை விட்டுவிட்டு அழுத்துங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பட்டியலில் டிவிடியைத் தேர்ந்தெடுத்தால் ஆன்டிக்ஸின் திரை வரும், என்டரை அழுத்துங்கள். 4 ஜிபி நினைவகம் இருந்தால், என்டருக்கு முன் துவக்க வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, டி, ஓ, ஆர், ஏ, எம் என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். வட்டில் உள்ளது முழுவதும் நினைவகத்துக்கு ஏறும்வரை சற்றுக் காத்திருக்க நேரும். பிறகு வட்டு சுழலும் இரைச்சல் அடங்கி, நிரல்கள் சட்டென்று திறக்கும்.

கடவுச்சொல் கேட்டால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ‘டெமோ’ என்பதே. எழுதிய கட்டுரையையோ பாடக்குறிப்பையோ பென்டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள்; இப்படி இயக்கும்போது கணினியை அணைத்தால் நினைவகத்தில் இருந்தது அத்தனையும் போய்விடும்.

துவங்கும்போது பாதியில் பிழைச்செய்திகள் வரிசையாக ஓடி நின்றுவிட்டால், வட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் படரும் மங்கலோ விரல் தடமோ தெரிந்தால், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. அதன்பிறகும் நின்றால், சரிபார்த்த அதே ஐஎஸ்ஓவை இன்னொரு வட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.