தேய்ந்த ஷாஃப்டுக்கு பிளாஸ்மா பூச்சு: முதல் முறை செய்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துக் கரும்பு ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். கரும்போடு வயலிலிருந்து வரும் மணல், பம்பு ஷாஃப்டில் பேக்கிங் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) உட்காரும் இடத்தைப் பள்ளமாக அரித்துவிடும். பொடியை பிளாஸ்மா எனும் கடுஞ்சூடான வாயுத் தாரையில் உருக்கிப் பீய்ச்சி, அங்கே டங்ஸ்டன் கார்பைடு–கோபால்ட் பூச்சு அடித்தால் ஷாஃப்டையே மாற்ற வேண்டியதில்லை.

முதலில் பொடி. எடையில் 88 சதவீதம் கார்பைடு, 12 சதவீதம் கோபால்ட். துகள் 15 முதல் 45 மைக்ரான். கார்பைடு தேய்மானத்தைத் தாங்கும், கோபால்ட் அதைப் பிடித்து வைக்கும். 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் பாகமென்றால் குரோமியம் கார்பைடும் நிக்கல்-குரோமும் கலந்த பொடி வாங்குங்கள்.

தேய்ந்த இடத்தை லேத்தில் சீராகக் கடைந்து, பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டர் ஆழம் எடுங்கள். ஓரத்தைக் கூராக விட்டால் பூச்சு அங்கிருந்துதான் உரியும். பிறகு அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, அலுமினா கிரிட்டை (கூரான கடினத் துகள்கள்) காற்றழுத்தத்தில் அடியுங்கள். வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பூச்சு பெரும்பாலும் அந்தச் சொரசொரப்பைக் கவ்விக்கொண்டுதான் நிற்கிறது. ஷாஃப்டை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்: எந்தப் பக்கமும் மங்கிய சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். எங்காவது மின்னினால் அங்கே மறுபடி அடியுங்கள். அதன் பின் வெறுங்கை படக்கூடாது. இங்கே கோடையான ஜனவரியின் புழுக்கத்தில், கடற்காற்றில், இந்த எஃகு கண்ணெதிரே துருப்பிடிக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து பூசலாம் என்று போய்விடாதீர்கள்.

அப்புறம் கன், அதாவது பொடியைப் பீய்ச்சும் பிளாஸ்மா துப்பாக்கி. அதற்கு முன் காதடைப்பு, வெல்டிங் கண்ணாடி, சுவாசக் கவசம், தூசு உறிஞ்சி எல்லாம் தயாராக இருக்கட்டும். கோபால்ட் தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஆர்கானில் பற்றவைத்து, ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பிளாஸ்மாவின் நடுவில் 10,000 டிகிரிக்கு மேல் இருக்கும். சூடு கூடக் கூட நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஆனால் கோபால்ட் உருகினால் போதும். கார்பைடு துகள் உருகாமல் முழுசாக வந்து சேர வேண்டும். சூடு மீறினால் கார்பன் எரிந்துபோய்ப் பூச்சு நொறுங்கும். (ஆக்சிஜனில் எரிபொருளை எரித்துப் பொடியைப் பீய்ச்சும் எச்.வி.ஓ.எஃப் கருவி கைவசம் இருந்தால், டங்ஸ்டன் கார்பைடுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். அதில் சூடு குறைவு, வேகம் அதிகம்.)

ஷாஃப்டை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கிச் சுழலவிட்டு, சுமார் 100 மில்லிமீட்டர் தள்ளி நேர்செங்குத்தாக அடியுங்கள். மெல்லிய படலங்களாக ஏறட்டும். இடையில் காற்றடித்து ஷாஃப்டை 150 டிகிரிக்குள் வைத்திருங்கள். கிரைண்டிங்குக்காக 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக ஏற்றுங்கள்.

கிரைண்டிங்குக்குச் சாதாரணக் கல் உதவாது. வைர வீலில், கூலன்ட் நிற்காமல் ஊற்றி, துளித்துளியாக எடுங்கள்; அவசரப்பட்டால் பூச்சில் வெடிப்பு விழும்.