காகத்தில் தொடங்குங்கள்

பறவை வரையப் பழகுவோர் பலர் மீன்கொத்தியைத் தேடி அலைகிறார்கள். அது கண்ணில் பட்டதும் பறந்துவிடும். திருகோணமலையில் இருப்பவருக்கு அந்த அலைச்சல் எதற்கு? காலையில் டச் பே கடற்கரையிலோ மீன் சந்தைப் பக்கமோ உட்காருங்கள். காகங்கள் தாமாகவே வரும். கோடு போடாத கொப்பியும் 2பி பென்சிலும், அதைவிட மென்மையாகவும் கறுப்பாகவும் எழுதும் 6பி பென்சிலும் போதும்.

முதலில் இறகுகளை மறந்துவிடுங்கள். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரு கோடு. அதன் சாய்வு சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு உடலுக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம். வீட்டுக் காகத்தின் கழுத்து சாம்பல் நிறம். அண்டங்காக்கை முழுக்கக் கறுப்பு, அலகும் தடித்தது. இரண்டுக்கும் ஒரே அலகை வைப்பவர்களை என்னால் பொறுக்க முடியாது. காலில் பின்பக்கம் மடிவது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது.

கறுப்புத்தான் உண்மையான வேலை. முழுவதையும் அப்பிவிடாதீர்கள். கடல் பக்கமிருந்து வெயில் விழும்போது காகத்தின் முதுகில் நீலமும் ஊதாவும் மினுங்கும். அந்த இடங்களில் தாளை வெறுமையாக விடுங்கள். 6பியைச் சிறகின் அடியிலும் வயிற்று நிழலிலும் மட்டும் அழுத்துங்கள். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி கட்டாயம். வர்ணம் தீட்டுவோர் கறுப்பைத் தொடாமல் கடும் நீலத்தையும் மண்ணிறத்தையும் கலக்கலாம். எனக்கு அதுவே பிடிக்கும்.

காகம் நகர்ந்தால் அதே தாளில் அடுத்ததைத் தொடங்குங்கள். கையில் மட்டும் பணிஸ் வைத்திருக்க வேண்டாம்.